களப்பணியில் மாணவர் கற்றதை மதிப்பிட்ட கதை

இயேசு சபையார் நடத்தும் தன்னாட்சிக் கல்லூரி ஒன்றில் வணிகவியல் சொல்லிக்கொடுக்கிறேன். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக்கின் (NAAC) மதிப்பீட்டுக்குச் சுய ஆய்வறிக்கை தயாரித்தபோது, கற்றல் விளைவுகள் பகுதி, அதாவது மாணவர்கள் கற்றிருக்க வேண்டியதை எவ்வளவு கற்றார்கள் என்று காட்டும் பகுதி, எங்கள் குழுவிடம் வந்தது.

பாடங்களுக்கான கணக்கு அலுப்பானது, ஆனால் வழி தெரிந்த வேலை. வினாத்தாளில் ஒவ்வொரு கேள்வியும் எவ்வளவு ஆழமான சிந்தனையைக் கேட்கிறது என்று காட்ட, கே1 முதல் கே6 வரை புளூம் நிலை போட்டிருப்போம். மதிப்பெண்களை எக்செல்லில் ஏற்றினால், விளைவை எந்த அளவு எட்டினார்கள் என்ற எண், அதாவது அட்டெய்ன்மென்ட், வந்துவிடும்.

சிக்கல் ஒரே ஒரு விளைவில்தான்: 'பிறருக்காக வாழும் மனப்பாங்கு'. 1973-இல் சபைத் தலைவர் பேத்ரோ அருப்பே வலென்சியாவில் ஆற்றிய உரையிலிருந்து இயேசு சபைக் கல்விக்கூடங்கள் எடுத்துக்கொண்ட இலக்கு அது. கிராமக் களப்பணித் தாளோடு அதை இணைத்து (மேப்பிங் செய்து), அட்டெய்ன்மென்ட்டுக்கு உச்ச அளவான 3 போட்டிருந்தது. ஆதாரம் கேட்டால் வருகைப்பதிவேடும் போட்டோக்களும்தான் கையில் இருந்தன. பிள்ளைகள் ஊருக்குப் போனார்கள் என்பதற்கு மேல் அவை எதையும் காட்டவில்லை.

சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் பெயரில் 1993-இல் வந்த 'இஞ்ஞாசியார் கற்பித்தல் முறை' ஆவணத்தை எடுத்துப் படித்தோம். சூழல், அனுபவம், சிந்தித்தல், செயல், மதிப்பிடல் என்ற அதன் ஐந்து படிகளை வைத்துக் களப்பணிக் குறிப்பேட்டை மாற்றினோம். கண்டது என்ன, அது எழுப்பிய கேள்வி என்ன, அதன்பின் செய்தது என்ன என்று மாணவர்கள் எழுத வேண்டும். ஒரே குறிப்பேட்டை இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியே படித்து, எதற்கு எவ்வளவு என்று வரையறுத்த ரூப்ரிக் அட்டவணைப்படி மதிப்பெண் போட்டுவிட்டு, பிறகு உட்கார்ந்து பேசினோம்.

அந்தப் பேச்சில்தான் உண்மையான வேலை நடந்தது. உருக்கமாக எழுதியவர்களுக்குச் சிலர் அள்ளிக் கொடுத்திருந்தார்கள். ஒரு மாணவி முதல் வாரம் கிராமத்துப் பெண்களைப் பற்றி "பாவமாக இருந்தது" என்று மட்டும் எழுதியிருந்தாள். பிறகு அதே பெண்களின் வாரக்கடன் அட்டைகளை வாங்கிப் பார்த்து, உண்மையில் எத்தனை சதவீத வட்டி கட்டுகிறார்கள் என்று கணக்குப் போட்டு, அதை அவர்களிடமே விளக்கியிருக்கிறாள். மொழிநடை சுமார்தான். ஆனாலும் நாங்கள் தேடியது இதைத்தான் என்று எல்லோருமே ஒத்துக்கொண்டோம்.

இன்னொன்றிலும் உறுதியாக நின்றோம்: யாருடைய இறைநம்பிக்கைக்கும் மதிப்பெண் கிடையாது. எங்கள் வகுப்பில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஜெபம் எழுதியவருக்குக் கூட்டுவதும் எழுதாதவருக்குக் குறைப்பதும் அநியாயம்.

புதுக் கணக்கில் அட்டெய்ன்மென்ட் 3-லிருந்து இறங்கியது. அறிக்கையில் போடலாமா என்று சிலர் தயங்கினார்கள். போடத்தான் வேண்டும் என்று வாதாடினேன். இறங்கிய எண்ணையும், 'கேள்வி' பகுதியில்தான் மாணவர்கள் தடுமாறுகிறார்கள் என்ற விவரத்தையும் சேர்த்தே கொடுத்தோம். இப்போது கிராமத்திலிருந்து திரும்பியதும் கலந்துபேச ஒரு மணி நேரம் கால அட்டவணையிலேயே இருக்கிறது.