காலில் கட்டிய கால் கிலோ

என் மேசை மேல் இரண்டு இரும்புத் துண்டுகள் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் ஒன்றரைத் தீப்பெட்டி அளவு இருக்கும். மேலே கறுப்பு ரப்பர் பூசி, நடுவில் இரண்டு திருகாணித் துளைகள் விட்டிருக்கிறார்கள். உறையில் 250 கிராம் என்று அச்சிட்டிருந்தது. எடை போட்டுப் பார்த்தபோது ஒன்று 252 கிராமும் மற்றது 247 கிராமும் காட்டின. இவற்றை இன்லைன் ஸ்கேட்டில், அதாவது சக்கரங்கள் ஒரே வரிசையில் அமைந்த சறுக்குக் காலணியில், காலணிக்கும் சக்கரங்களுக்கும் நடுவே இருக்கும் அலுமினியச் சட்டத்தில் திருகி மாட்ட வேண்டும். பயிற்சி முடிந்ததும் கழற்றிவிடலாம். சென்ற சில மாதங்களாக இந்த இரண்டு துண்டுகளோடு நான் பட்ட பாட்டையும், அதன் வழியே கற்றுக்கொண்டதையும் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

இந்த வகைப் பொருள்கள் பல உருவங்களில் வருகின்றன. ஷூ லேஸில் கோத்துக்கொள்ளும் சிறு பைகள் உண்டு. அவற்றுக்குள் இரும்புத் துகள் நிரப்பியிருப்பார்கள். கணுக்காலைச் சுற்றி வெல்க்ரோவால் இறுக்கும் பட்டைகளைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஐஸ் ஹாக்கி ஸ்கேட்டுகளில், பனியில் சறுக்கும் உலோக அலகைத் தாங்கும் பிளாஸ்டிக் பகுதியின் இரண்டு கால்களுக்கு இடையே ஓர் இடைவெளி இருக்கும். அதற்குள் பொருந்தும்படி செய்த எடைகளும் இருக்கின்றன. உருவம் எதுவாயினும் நோக்கம் ஒன்றுதான். கனத்தோடு பழகினால் கனமில்லாதபோது கால் வேகமாகப் போகும் என்ற நம்பிக்கைதான் இவற்றை விற்கிறது.

எனக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. என்னோடு சறுக்குத்தளத்துக்கு வரும், என்னைவிட வயதில் இளைய ஒருவர், "ஒரு அரை மணி நேரம் போட்டுட்டுக் கழட்டிப் பாருங்க சார், கால் தானா பறக்கும்" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. கால் பறப்பது போலத்தான் இருந்தது. அந்தப் 'போல' என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது புரிய எனக்கு நெடுநாள் பிடித்தது.

முதலில், கால் கிலோ என்பது எவ்வளவு கனம் என்ற கேள்வியைப் பார்ப்போம். கையில் எடுத்தால் ஒன்றுமே இல்லை. ஒரு பெரிய மாம்பழத்தின் எடைகூட இராது. ஆனால் காலின் நுனியில் மாட்டியவுடன் கணக்கு மாறிவிடுகிறது. நடக்கும்போதும் சறுக்கும்போதும் நம் கால் இடுப்பு மூட்டில் தொங்கும் ஓர் ஊசலைப் போல முன்னும் பின்னும் ஆடுகிறது. ஓர் ஊசலை ஆட்டவும் நிறுத்தவும் எவ்வளவு முயற்சி வேண்டும் என்பதை அதன் எடை மட்டும் தீர்மானிப்பதில்லை, அந்த எடை தொங்கும் புள்ளியிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. அந்தத் தூரமும் இரண்டின் அடுக்காக, அதாவது தன்னைத்தானே பெருக்கிக்கொண்டு, கணக்கில் நுழைகிறது. பள்ளியில் நிலைமத் திருப்புத்திறன் என்று நெட்டுருப் போட்ட சொல் இதுதான். அன்று தேர்வுத்தாளோடு அதை மறந்துவிட்டேன். இப்போது முழங்காலில் உணர்கிறேன்.

இடுப்பு மூட்டிலிருந்து பாதம் 90 செ.மீ. தூரத்தில் இருப்பதாகக் கொள்வோம். அதே 250 கிராமைப் பாதத்திலிருந்து எடுத்து முழங்காலில், அதாவது 45 செ.மீ. தூரத்தில் கட்டினால், தூரம் பாதியாகிறது, ஆட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்போ நான்கில் ஒன்றாகிவிடுகிறது. கால்சட்டைப் பையில், இடுப்பு மூட்டுக்கு 18 செ.மீ. கீழே போட்டுக்கொண்டால் தூரம் ஐந்தில் ஒன்று, எதிர்ப்பு இருபத்தைந்தில் ஒன்று. திருப்பிப் போட்டுச் சொன்னால், பாதத்தில் திருகிய கால் கிலோ, நீட்டிய காலை வீசும்போது பையில் போட்ட ஆறேகால் கிலோவுக்குச் சமமான முரண்டு பிடிக்கிறது. முழங்கால் மடங்குவதால் உண்மையான ஓட்டத்தில் கணக்கு இத்தனை சுத்தமாக வராது என்பது சரிதான். இருந்தாலும் எடையை எங்கே கட்டுகிறோம் என்பது, எவ்வளவு கட்டுகிறோம் என்பதைவிடப் பெரிய கேள்வி என்று புரிந்துகொள்ள இந்தக் கணக்கு போதும்.

மலையேறுபவர்களிடம் ஒரு பழைய சொல் உண்டு: காலில் ஒரு பவுண்டு, முதுகில் ஐந்து பவுண்டு. அது வெறும் பேச்சு அன்று. 1969இல் சூல், கோல்ட்மன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் சுமையைத் தலையிலும் கைகளிலும் பாதங்களிலும் வைத்து நடக்கச் செய்து செலவாகும் ஆற்றலை அளந்தார்கள். பாதத்தில் கட்டிய ஒவ்வொரு கிலோவும் உடலின் சொந்த எடையில் ஒரு கிலோவைச் சுமப்பதைப் போல 4 முதல் 6 மடங்கு ஆற்றலைத் தின்றது. நடை வேகம் கூடக் கூட அந்த மடங்கும் கூடியது.

ஓட்டக்காரர்களைப் பற்றிய இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தமானது. 2016இல் கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், 18 ஓட்டக்காரர்களின் ஷூக்களில் சிறு ஈயக் குண்டுகளை ஒளித்து வைத்தார்கள். ஒரு ஜோடியில் ஒன்றும் இல்லை, ஒரு ஜோடியில் ஷூவுக்கு 100 கிராம், இன்னொன்றில் 300 கிராம். ஓடியவர்களுக்கு விஷயம் சொல்லப்படவில்லை. ஷூவுக்கு 100 கிராம் கூடும்போது ஆற்றல் செலவு சுமார் 1 சதவீதம் உயர்ந்தது. 3,000 மீட்டரை முழு முயற்சியோடு ஓடிய நேரம் சுமார் 0.8 சதவீதம் நீண்டது. காலில் கனம் இருப்பது தெரியாவிட்டாலும் உடல் அதற்கான விலையைக் கொடுத்துவிடுகிறது என்பதைத்தான் இங்கே கவனிக்க வேண்டும். என் அனுபவத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு: கனம் நீங்கியது எனக்கு நன்றாகத் தெரிந்தது, உடலோ அதற்கான பரிசு எதையும் தரவில்லை.

அதற்குப் போகும் முன் ஸ்கேட்டுக்கே உரிய ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். என் ஸ்கேட் ஒன்றின் எடை எந்தத் துண்டும் மாட்டாமலே 1.4 கிலோ. இத்தனை கனமான ஷூவை மாட்டிக்கொண்டு யாராவது நெடுந்தூரம் ஓடச் சொன்னால் சிரித்துவிடுவோம், ஆனால் ஸ்கேட்டில் மணிக்கணக்காகப் போகிறோம். ஓடுபவரின் பாதம் ஒவ்வோர் அடியிலும் தரையில் பட்டு ஒரு கணம் முற்றாக நின்றுவிடுகிறது, பின்பு உடலை முந்திக்கொண்டு போயாக வேண்டியிருப்பதால் உடலின் வேகத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தை எட்டுகிறது, மறுபடி நிற்கிறது. ஒவ்வோர் அடியிலும் அந்தக் கனத்தைப் பூஜ்ஜியத்திலிருந்து முடுக்கி, மீண்டும் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவர வேண்டும். சறுக்குபவரின் பாதம் அப்படி நிற்பதே இல்லை. தரையில் இருக்கும்போது உடலோடு சேர்ந்தே உருண்டு போகிறது. அந்த நேரத்தில் கனத்தைச் சுமப்பது சக்கரம், தசை அன்று. தள்ளி முடித்த காலைப் பின்னாலிருந்து அரைவட்டமாக உடலுக்கு அடியில் இழுத்து வரும் அந்த ஒரு நொடிக்குள்தான் கனம் தன்னைக் காட்டிக்கொள்கிறது.

ஆகவே நேர்கோட்டில் நிதானமாகப் போகும்போது என் இரும்புத் துண்டுகள் இருப்பதே தெரியவில்லை. வளைவில்தான் வினை வந்தது. வளைவில் திரும்பும்போது வெளிக்காலைத் தூக்கி உள்காலுக்கு மேலாகக் குறுக்கே வைக்க வேண்டும். மாட்டிய மூன்றாம் நாள், வழக்கமான வேகத்தில் வலக்காலைத் தூக்கினேன். கால் நான் நினைத்த நேரத்தைவிடக் கண்ணிமைப் பொழுது தாமதமாகக் கிளம்பியது. கிளம்பிய பிறகு நான் நிறுத்த நினைத்த இடத்தில் நிற்காமல் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனது. துண்டைச் சட்டத்தின் உட்பக்கமாகத் திருகியிருந்தேன். அதன் விளிம்பு இடக்கால் ஸ்கேட்டின் இரண்டாம் சக்கரத்தில் 'டக்' என்று இடித்தது. அடுத்து நான் பார்த்தது தளத்தின் மேல் உரசிய தழும்போடு கிடந்த என் முழங்கை உறையை. உட்பக்கமோ வெளிப்பக்கமோ எங்கு வேண்டுமானாலும் மாட்டலாம் என்று உறைக்குள் வந்த தாள் சொல்லியிருந்தது. எழுதியவர் ஒரு வளைவாவது திரும்பிப் பார்த்திருந்தால் அந்த வரியை எழுதியிருக்க மாட்டார். அன்று மாலையே ஆலன் கீயை எடுத்து இரண்டு துண்டுகளையும் வெளிப்பக்கம் மாற்றினேன். திருகாணி ஒரு சுற்று தளர்ந்திருந்ததையும் அப்போதுதான் கவனித்தேன். அதிர்வு எந்தத் திருகாணியையும் மெல்ல மெல்லக் கழற்றிவிடும். அன்று முதல் தளத்தில் இறங்கும் முன் ஒரு முறை விரலால் அசைத்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

இனி அந்தப் பறக்கும் உணர்வுக்கு வருகிறேன். கழற்றிய முதல் சில நிமிடங்களில் கால்கள் என்னுடையவை போலவே இல்லை. தூக்கினால் தேவைக்கு மேல் எழும்பின. வைத்தால் மெத்தையில் வைத்தது போல இருந்தது. நேரம் நிச்சயம் குறைந்திருக்கும் என்று நம்பி ஸ்டாப்வாட்சைப் பார்த்தேன். குறையவில்லை. நம்ப முடியாமல் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். உடலைச் சூடாக்கிய பின் எடையில்லாமல் 400 மீட்டர். பிறகு இருபது நிமிடம் எடையோடு. பிறகு பத்து நிமிட ஓய்வு. கழற்றி மறுபடி 400 மீட்டர். ஆறு நாள் இப்படிச் செய்தேன். நான்கு நாள்களில் இரண்டாம் ஓட்டம் மெதுவாக இருந்தது, ஒரு நாள் சமம், ஒரே ஒரு நாள் நொடியில் பத்தில் இரண்டு பங்கு வேகம். ஆறு நாளும், ஒரு நாள் விடாமல், 'இன்று வேகம் அதிகம்' என்றுதான் ஓட்டம் முடிந்த கையோடு, கடிகாரத்தைப் பார்க்கும் முன்பு, எழுதி வைத்திருக்கிறேன்.

ஒருவரின் நோட்டுப் புத்தகம் ஆய்வு ஆகாது. களைப்பும் அந்த எண்களுக்குள் கலந்திருக்கிறது. ஆனால் இந்த மயக்கம் எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல. பேஸ்பால் ஆட்டக்காரர்கள் களமிறங்கும் முன் மட்டையில் ஒரு கனமான வளையத்தை மாட்டி வீசிப் பழகுவார்கள். 2002இல் வெளியான ஓர் ஆய்வில், வளையத்தைக் கழற்றிய பின் மட்டை இலேசாகவும் வீச்சு வேகமாகவும் இருப்பதாக ஆட்டக்காரர்கள் உணர்ந்தார்கள், ஆனால் கழற்றியதும் வீசிய முதல் வீச்சு உண்மையில் மெதுவாகியிருந்தது. கனத்துக்கு ஏற்ப மூளை தன் கட்டளையைத் திருத்தி வைத்துக்கொள்கிறது. கனம் போன பிறகும் சிறிது நேரம் அதே கட்டளைதான் போகிறது. எதிர்பார்த்த எதிர்ப்பு வராதபோது அந்த வித்தியாசத்தை நாம் 'இலேசு' என்று படிக்கிறோம். மாடியில் இன்னொரு படி இருப்பதாக நினைத்துக் காலைத் தூக்கி ஏமாறுவோமே, ஏறக்குறைய அதே கதைதான்.

அப்படியானால் காலில் கனம் கட்டியவர்கள் எல்லாரும் ஏமாந்தவர்களா? கனமான ராணுவ பூட்ஸ் போட்டுக் காட்டில் ஓடிப் பயிற்சி செய்த எமில் ஜாடோபெக், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வென்றார். இந்த வாதத்தை எடுத்தால் யாராவது அவர் பெயரை இழுப்பார்கள். அவர் பூட்ஸ் இல்லாமலும் மற்றவர்களால் நினைத்துப் பார்க்க முடியாத அளவு ஓடினார் என்பதை அவர்கள் விட்டுவிடுவார்கள்.

கனம் உண்மையாகவே வேலை செய்த இடம் வேறு. இரண்டாம் உலகப் போரின் கடைசி ஆண்டுகளில், சிகாகோவின் கார்டினர் ராணுவ மருத்துவமனையில் தாமஸ் டிலார்ம் என்ற மருத்துவர், முழங்கால் காயத்தோடு வந்த வீரர்களின் பாதத்தில் இரும்புக் காலணி ஒன்றைக் கட்டினார். அதன் அடியில் ஒரு கம்பி. கம்பியில் எடைத் தட்டுகளைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். நோயாளி மேசை விளிம்பில் உட்கார்ந்து, மடங்கிய காலை மெதுவாக நீட்டி, மெதுவாக இறக்க வேண்டும். காயத்துக்குப் பின் சூம்பிப் போன முன்தொடைத் தசை அதில் தேறியது. 1945இல் அவர் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். 1948இல் முறை இன்னும் சுருங்கியது: பத்து முறை மட்டுமே தூக்க முடிந்த எடை எதுவோ, அதில் பாதியை வைத்து ஒரு சுற்று, முக்காலை வைத்து ஒரு சுற்று, முழுதையும் வைத்து ஒரு சுற்று. இன்று உடற்பயிற்சிக் கூடங்களில் எடையைப் படிப்படியாகக் கூட்டிப் போவதன் வேர்களில் ஒன்று இது. அங்கே வீச்சு இல்லை, ஓட்டம் இல்லை. தசை மட்டும் எடையைச் சந்தித்தது.

வேகமாக வீசும் காலில் அப்படி நடப்பதில்லை. முன்னே பாய்ந்து வரும் காலை, தரை தொடுவதற்குச் சற்று முன் பிடித்து நிறுத்துவது தொடையின் பின்தசை. ஓட்டக்காரர்களுக்குத் தசை பிடித்துக்கொள்வதும் கிழிவதும் பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான். நுனியில் கனத்தைக் கூட்டினால் நிறுத்தும் வேலையும் அதே அளவில் கூடுகிறது. எனக்கு இரண்டாம் வாரத்தில் இடக்கால் தொடையின் பின்புறம் ஒரு நூல் இழுத்தது போன்ற வலி வந்து, எட்டு நாள் ஸ்கேட்டைத் தொடாமல் இருந்தேன்.

நடையை வேண்டுமென்றே மாற்றவும் எடை பயன்பட்டிருக்கிறது. வண்டியிழுத்துப் பந்தயம் ஓடும் குதிரைகளின் குளம்பு முனையில் கழற்றி மாட்டக்கூடிய சிறு உலோக எடைகளை 19ஆம் நூற்றாண்டிலேயே பொருத்தினார்கள். குதிரைக்குப் பலம் கூட்டுவது அவர்கள் எண்ணமன்று. முன்கால் எழும்பும் உயரத்தையும் அது எட்டும் தூரத்தையும் திருத்தி, நான்கு கால்களும் ஒன்றோடொன்று இடிக்காமல் ஓட வைப்பதற்காகச் செய்தார்கள். சில பத்துக் கிராம்களில் ஒரு குதிரையின் நடையே மாறுமென்றால், கால் கிலோ என் நடையை மாற்றாதிருக்குமா?

இப்போதும் துண்டுகளை வாரம் ஒரு முறை மாட்டுகிறேன். பத்து நிமிடம், நேர்கோட்டில் மட்டும், காலை எவ்வளவு மெதுவாக உடலுக்கு அடியில் கொண்டுவர முடியுமோ அவ்வளவு மெதுவாக. வளைவு வந்தால் குறுக்கே கால் வைக்காமல் இரு கால்களிலும் உருண்டே திரும்புகிறேன். போட்டி வேகப் பயிற்சி இருக்கும் நாளில் அவை பையிலேயே இருக்கின்றன. கனமான 252ஐ வலக்காலுக்கும் 247ஐ இடக்காலுக்கும் பிரித்து, ரப்பரின் மேல் வெள்ளைப் பேனாவால் குறித்து வைத்திருக்கிறேன். ஐந்து கிராமில் ஒன்றும் ஆகாது என்று தெரிந்தும் அதை மாற்றிப் போட மனம் வருவதில்லை.