போன் வாங்கும் முன் வீட்டு மூலையில் சிக்னல் பாருங்கள்

புது போன் வாங்கப் போகிறவர்களிடம் நான் இப்போதெல்லாம் முதலில் சொல்வது இதுதான்: எந்த போன் என்று தேடுவதற்கு முன்னால், உங்கள் வீட்டுக்குள் எந்த நெட்வொர்க் ஒழுங்காக எடுக்கிறது என்று பாருங்கள். பெங்களூரில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். விலை உயர்ந்த போனைக் கையில் வைத்துக்கொண்டு, அழைப்பு வந்தால் மொட்டைமாடிக்கு ஓடுகிறவர்களை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். போன் நல்ல போன்தான், அந்த வீட்டுக்குள் அந்த சிம் எடுக்காது, அவ்வளவுதான்.

நான் இருப்பது அல்சூரில், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் இருக்கும் ஒரு குறுகிய தெருவில், தரைத்தளத்தில். அப்பா அம்மா வாணியம்பாடியில். என் பழைய போனின் திரையும் பேட்டரியும் இன்னும் ஓடக்கூடிய நிலையில்தான் இருந்தன, ஆனால் பாதுகாப்பு அப்டேட் வருவது நின்று வெகுகாலம் ஆகிவிட்டது, பேங்க் ஆப்பைத் திறந்தாலே இந்த ஆண்ட்ராய்டு பதிப்பில் இனி வேலை செய்யாது என்று எச்சரிக்கை வர ஆரம்பித்தது. வாடகை, மளிகை, அப்பாவுக்கு மாத்திரை வாங்க அனுப்பும் பணம் எல்லாம் அந்த போனில்தான் நடக்கிறது. அதனால் மாற்றியே ஆகவேண்டும். பட்ஜெட் 35,000 என்று வைத்துக்கொண்டேன்.

சிக்னலைப் பார்க்கும்போது மேலே தெரியும் கோடுகளை நம்பாதீர்கள், ஒவ்வொரு கம்பெனியும் அந்தக் கோடுகளைத் தன் இஷ்டத்துக்குப் போடுகிறது. செட்டிங்ஸில் போனைப் பற்றிய பகுதிக்குப் போய், சிம் நிலை என்று இருப்பதைத் திறந்தால் சிக்னல் அளவு டிபிஎம் கணக்கில் தெரியும். மைனஸில்தான் காட்டும். 4ஜியில் -90 பக்கம் இருந்தால் நிம்மதி, -110ஐத் தாண்டினால் குரல் உடைய ஆரம்பிக்கும், -120 என்றால் இருந்தும் இல்லாத மாதிரிதான். என் சிம் வாசலில் -94 காட்டியது, பத்தடி உள்ளே சமையலறையில் அடுப்புப் பக்கம் போனால் -118. வீட்டுக்காரருடைய சிம் வேறு நெட்வொர்க், அதைக் கழற்றி என் போனிலேயே போட்டுப் பார்த்தேன், ஏனென்றால் வேறு வேறு போனில் பார்த்தால் ஆன்டெனா வித்தியாசமும் சேர்ந்து குழப்பிவிடும். அதே அடுப்புப் பக்கம் -101. மேல்வீட்டு அக்காவிடம் மூன்றாவது நெட்வொர்க் இருந்தது. "சிம்மையா கழட்டச் சொல்ற, திரும்ப வேலை செய்யும்ல?" என்று யோசித்துவிட்டுத்தான் கொடுத்தார். அது -97, மூன்றிலும் அதுதான் நன்றாக எடுத்தது. எந்த நெட்வொர்க் என்று பெயர் சொல்வதில் பயன் இல்லை, இரண்டு தெரு தள்ளிப் போனால் கணக்கு தலைகீழாகிவிடும். நீங்களே பார்ப்பதுதான் சரி.

அப்படியானால் அக்காவின் நெட்வொர்க்குக்கே நம்பரை மாற்றிவிடலாமே என்று தோன்றும். மாற்றுவது சிரமம் இல்லை. போர்ட் என்று ஆங்கிலத்தில் எழுதி, இடைவெளி விட்டு நம்பரைப் போட்டு 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் ஒரு குறியீடு வரும், அது நான்கு நாள் செல்லும். இப்போதிருக்கும் நெட்வொர்க்கில் 90 நாள் முடித்திருக்க வேண்டும், பில் பாக்கி இருக்கக்கூடாது. என் நம்பர் தமிழ்நாடு வட்டத்தில் வாங்கியது (வட்டம் என்றால் போன் சேவைக்காக நாட்டைப் பிரித்து வைத்திருக்கும் பகுதி), 2015 ஜூலையிலிருந்து நாடு முழுக்க எந்த வட்டத்துக்கும் மாற்றலாம், ஒரே வட்டத்துக்குள் மூன்று வேலைநாள், வேறு வட்டம் என்றால் ஐந்து. ஆனால் வாணியம்பாடி வீட்டில் நன்றாக எடுப்பது என் பழைய நெட்வொர்க் மட்டும்தான். அந்த நம்பரில்தான் ஆதார், பேங்க் எல்லாம். ராத்திரி அப்பாவுக்கு ஏதாவது என்றால் அம்மா கூப்பிடுவதும் அந்த நம்பருக்குத்தான். அது எங்கே போனாலும் எடுக்க வேண்டும்.

ஆகவே இரண்டு சிம் என்று முடிவு செய்தேன். பழைய நம்பர் பேசுவதற்கு, அக்காவின் நெட்வொர்க்கில் ஒரு புது சிம் டேட்டாவுக்கு. இரண்டு ரீசார்ஜ் போட்டு யார் கட்டுவது என்று வீட்டில் பேச்சு வந்தது, நியாயமான கேள்வி. 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு விதி போட்டு, டேட்டா இல்லாமல் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக்கையும் தரவேண்டும் என்று சொல்லிவிட்டது, 2025 ஜனவரியிலிருந்து அவை கிடைக்கின்றன. பழைய நம்பருக்கு அதுவே போதும். ஆப்பின் முதல் பக்கத்தில் இந்த பேக் கண்ணில் படாது, தேடிப் போகவேண்டும்.

சமையலறையில் -118 இருக்கிற சிம்மில் எப்படிப் பேசுவது? அதற்கு வைஃபை காலிங். வீட்டு பிராட்பேண்ட் வழியாகவே சாதாரண அழைப்பு வரும், போகும், ஆப் எதுவும் வேண்டாம், செட்டிங்ஸில் ஆன் செய்தால் போதும். ஆனால் போனும் நெட்வொர்க்கும் இதில் ஒத்துப்போக வேண்டும், ஒரு நெட்வொர்க்கில் வேலை செய்யும் மாடல் இன்னொன்றில் செய்யாமல் போகலாம். அதனால் வாங்கும் முன் அந்த மாடலில் நம் நெட்வொர்க்குக்கு இது உண்டா என்று கேட்டுவிடுங்கள். இன்னொரு விஷயம், மழை பெய்து கரண்ட் போனால் ரவுட்டரும் அணைந்துவிடும், அப்போது வைஃபை காலிங்கும் போய்விடும். ரவுட்டருக்கென்று சின்ன யுபிஎஸ் கிடைக்கிறது, அதை வாங்கி மாட்டிவிட்டேன்.

5ஜி பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். 2022 அக்டோபரில் இந்தியாவுக்கு வந்தபோதே ஜியோ தனித்து இயங்கும் 5ஜியாகவும், ஏர்டெல் 4ஜியின் மேல் சாய்ந்து நிற்கும் 5ஜியாகவும் ஆரம்பித்தன. இந்தியாவில் விற்கும் 5ஜி போன்களில் பெரும்பாலானவை இரண்டுக்கும் தயாராகவே வருகின்றன. துபாயிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ உறவினர் கொண்டுவரும் போனில்தான் பேண்ட், அதாவது எந்தெந்த அலைவரிசையில் எடுக்கும் என்று பார்க்கவேண்டும். 3500 மெகாஹெர்ட்ஸ், அதாவது என்78, வேகம் தரும், ஆனால் சுவரைத் தாண்டி உள்ளே வருவதில் பலவீனம். 700 மெகாஹெர்ட்ஸ், என்28, வேகம் குறைவு, வீட்டுக்குள் நன்றாக நுழையும். 2022 ஏலத்தில் 700ஐ வாங்கியது ஜியோ மட்டும்தான். போனில் இரண்டு பேண்டும் இருந்தால் கவலை இல்லை. 2024 ஜூலை கட்டண உயர்வுக்குப் பிறகு ஜியோவிலும் ஏர்டெல்லிலும் அளவில்லாத 5ஜி என்பது தினம் 2 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள பேக்குகளுக்கு என்று ஆகிவிட்டது, அதனால் குறைந்த பேக் போடுபவர்கள் 5ஜிக்காகவே கூடுதல் பணம் கொடுத்து போன் வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் போன் பட்டியலைத் திறந்தேன். இந்த இடத்தில் நான் அதிக நேரம் செலவழித்தது கேமராவுக்கோ சிப்புக்கோ அல்ல, அப்டேட்டுக்குத்தான். ஒரு போனை ஐந்து ஆறு வருடம் வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. அப்படிப்பட்டவர்கள் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, ஆண்ட்ராய்டு பதிப்பு அப்டேட் வேறு, பாதுகாப்பு அப்டேட் வேறு, விளம்பரத்தில் எது பெரிய எண்ணோ அதைத்தான் கொட்டை எழுத்தில் போடுவார்கள். இரண்டு, அந்த வருடக்கணக்கு போன் வெளிவந்த நாளிலிருந்து ஓடுகிறது, நாம் வாங்கிய நாளிலிருந்து அல்ல. இரண்டு வருடம் முன் வந்த போனைத் தள்ளுபடியில் வாங்கினால் இரண்டு வருட அப்டேட்டும் சேர்ந்து தள்ளுபடி ஆகிவிடும். அப்படி வாங்குவது தப்பில்லை, கழித்துக் கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள்.

கடைசியில் மூன்று நின்றன. கூகுளின் பிக்சல் 9ஏ, ஏழு வருட அப்டேட், தூசி, நீர் பாதுகாப்பில் ஐபி68 தரம், எல்லாம் பிடித்திருந்தது, ஆனால் வெளிவந்தபோதே 49,999. விட்டுவிட்டேன். நத்திங் போன் 3ஏ, 24,999க்கு வந்தது, அந்த விலையில் இரண்டு மடங்கு தூரம் இழுக்கும் தனி கேமரா இருப்பது பெரிய விஷயம், தேவையில்லாத ஆப்கள் நிரப்பாத சுத்தமான மென்பொருள். கடைசி வரை விட மனமில்லை. பாதுகாப்பு அப்டேட் ஆறு வருடம், ஆனால் ஆண்ட்ராய்டு பதிப்பு மூன்று வருடம்தான், நீர் பாதுகாப்பும் ஐபி64 மட்டும். சாம்சங் கேலக்ஸி ஏ36 வெளிவந்தபோது 32,999, இரண்டு வகை அப்டேட்டும் ஆறு வருடம், 2025 மார்ச்சில் வந்ததால் 2031 வரை ஓடும், ஐபி67. இதன் சிப் ஸ்னாப்டிராகன் 6 ஜென் 3, இதே பணத்துக்கு வெளியே இதைவிட வேகமான சிப் கிடைக்கும், கேம் ஆடுபவர்கள் வேறு பார்க்கலாம். நான் ஆடுவதில்லை. மெட்ரோ இறங்கி நனைந்துகொண்டே வீடு வரும் ஊரில் எனக்கு ஐபி67 பெரிதாகப் பட்டது. மெமரி கார்டு போட இடமில்லை என்பதால் 256 ஜிபி எடுப்பது என்று முடிவு, பண்டிகைத் தள்ளுபடியில் அதுவும் பட்ஜெட்டுக்குள் வந்தது.

வாங்குவதற்கு முன் சிவாஜிநகர் பக்கம் ஒரு கடைக்குப் போய்க் கையில் பிடித்துப் பார்த்தேன். இதை யாரும் தவிர்க்காதீர்கள். கடைத் தம்பி வேறு ஒரு போனை நீட்டி, "அக்கா, இது எண்பது வாட் சார்ஜிங், பேட்டரி ஏழாயிரம், அதைவிட ரெண்டாயிரம் கம்மி" என்றான். அவன் சொன்னது பொய்யில்லை. ஆனால் அதன் சிம் தட்டை ஊசியால் வெளியே எடுக்கச் சொன்னேன், இரண்டாவது சிம் போடும் பள்ளத்திலேயே மெமரி கார்டும் போடவேண்டும், இரண்டில் ஒன்றுதான், இரண்டு சிம் போடும் எனக்கு அதிலும் கார்டுக்கு இடமில்லை. அப்டேட் எத்தனை வருடம் என்றதற்கு பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வரும்க்கா, அதெல்லாம் வந்துட்டே இருக்கும்" என்றான். ஏ36ஐ வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் திரையைப் பார்த்தேன், காதில் வைத்து ரோட்டு இரைச்சலில் குரல் கேட்கிறதா பார்த்தேன், பெருவிரல் மேல் ஓரம் வரை எட்டுகிறதா பார்த்தேன். கடையின் விளக்கு வெளிச்சத்தில் எல்லா போனும் அழகாகத்தான் இருக்கும்.

பணம் கட்டும் முன் பெட்டியில் உள்ள ஐஎம்இஐ எண்ணை, அதாவது அந்த போனுக்கே உரிய அடையாள எண்ணை, அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம், அந்த எண் எந்த மாடலுக்கு உரியது, தடை செய்யப்பட்டதா என்று காட்டிவிடும். பழைய போன் வாங்குபவர்களுக்கு இது கட்டாயம். வட்டியில்லா தவணை என்பதிலும் ஒன்று இருக்கிறது: வட்டித் தொகையை விலையில் கழித்துவிட்டாலும் அந்த வட்டி மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி கார்டு பில்லில் வரும், செயலாக்கக் கட்டணமும் சேரலாம். நான் முழுப்பணமும் கட்டிவிட்டேன். பெட்டியில் சார்ஜர் கிடையாது, 45 வாட் சார்ஜர் தனியாக வாங்க வேண்டும் என்பதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புது போனுக்கு மாறும்போது அவசரப்பட்டுப் பழையதை அழித்துவிடாதீர்கள். படங்களும் காண்டாக்ட்டும் தானாக வந்துவிடும், வாட்ஸ்அப்புக்கு பேக்கப் எடுத்தால் போதும். யுபிஐயும் பேங்க் ஆப்பும் அப்படி இல்லை. பதிவான நம்பர் உள்ள சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் போய்த்தான் புது போனை அடையாளம் கண்டுகொள்ளும், இரண்டு சிம் இருந்தால் எதிலிருந்து அனுப்புவது என்று கேட்கும்போது சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அந்த சிம்மில் எஸ்எம்எஸ் உள்ள பேக்கும் இருக்கவேண்டும். சில பேங்க் ஆப்கள் போன் மாற்றியதும் பணம் அனுப்பும் வரம்பை ஒரு நாளைக்குக் குறைத்துவிடும், அதனால் வாடகை கட்டும் தேதிக்கு முந்தின நாள் மாற்றாதீர்கள். எல்லா பேங்க் ஆப்பும் புது போனில் திறந்து, ஒவ்வொன்றிலும் ஒரு ரூபாயாவது அனுப்பிப் பார்த்த பிறகுதான் பழைய போனை ரீசெட் செய்தேன்.