முப்பது மாத்திரை தீர்ந்த பிறகு

கம்போடியாவுக்கு மருத்துவ ஊழியப் பயணம் போவதற்கு ஒரு மாதம் முன்பே எங்கள் சபை வாசலில் மருந்து சேர்க்க ஓர் அட்டைப்பெட்டி வைத்தோம். இரண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் நிரம்பிவிட்டது. நான் சிங்கப்பூரில் மருந்தாளுநராக வேலை செய்கிறேன் என்பதால் அதைப் பிரித்து அடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. பாதி குடித்த இருமல் மருந்து, யாரோ பாதியில் நிறுத்திய சர்க்கரை மாத்திரை, காலாவதிக்கு ஆறு வாரமே மிச்சமிருந்த ஆன்டிபயாடிக். நன்கொடை மருந்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 1996-லேயே நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. போய்ச் சேரும்போது குறைந்தது ஒரு வருடமாவது ஆயுள் இருக்க வேண்டும். நோயாளி கைக்குப் போய்த் திரும்பி வந்த மருந்தை அனுப்பவே கூடாது. போதகரிடம் சொன்னேன். "சரிம்மா, ஒதுக்கிவிடு" என்றார். பெட்டியில் முக்கால்வாசி குறைந்தது. குறைந்ததைச் சபைப் பணத்தில் புதிதாக வாங்கினோம். அந்த வேலையைச் சரியாகச் செய்துவிட்டதில் எனக்கு நிறைவுதான்.

சியெம் ரியாப்பில் இறங்கி, ஆறாம் எண் நெடுஞ்சாலையில் கம்போங் தோம் பக்கம் போனோம். மரத்தூண்கள் மேல் கட்டிய ஒரு வீட்டின் அடியில், கோழிகளுக்கும் வலைத்தொட்டில்களுக்கும் நடுவே, என் மருந்து மேசையைப் போட்டார்கள். வாலிபர்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கென்று பூச்சி மாத்திரையும் கொண்டுபோயிருந்தோம். போன மாதம்தான் பள்ளியிலேயே கொடுத்தோம் என்று ஆசிரியர் தயங்கித் தயங்கிச் சொன்னார். பள்ளிப் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்குப் பூச்சி மருந்து கொடுக்கும் இலக்கை 2004-லேயே எட்டிய நாடு அது. போவதற்கு முன் ஒருவரையாவது நாங்கள் கேட்டிருக்கலாம்.

மூன்றாம் நாள் ஒரு பாட்டி வந்தார். அங்கே பாட்டியை 'யெய்' என்பார்கள். முதுகு முழுக்கச் சிவப்புக் கோடுகள். எங்கள் குழுவில் ஒரு தங்கை பயந்துவிட்டாள். யாரோ அடித்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் நாணயத்தால் தோலைத் தேய்ப்பது அங்கே வீட்டு வைத்தியம் என்று மொழிபெயர்த்த தம்பி சொன்னான். யெய்க்கு ரத்த அழுத்தம் 190/110. டாக்டர் எழுதியபடி அம்லோடிபின் முப்பது மாத்திரை எண்ணிக் கொடுத்தேன். தினமும் ஒன்று என்று சூரியன் படம் போட்டுக் காட்டினேன். இரு கையும் கூப்பி 'ஒர்குன்', அதாவது நன்றி, என்றார். அன்று இரவு ஜெபத்தில் அவருக்காக நன்றி சொன்னேன்.

அடுத்த ஜூனில் அதே யெய் அதே மேசைக்கு வந்தார். நான் கொடுத்த பிளாஸ்டிக் உறையை மடிப்புக் கலையாமல் வைத்திருந்தார். உள்ளே ஒன்றும் இல்லை. முப்பதையும் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கிறார். தலைசுற்றல் நின்றதும் குணமாகிவிட்டது என்று இருந்துவிட்டார், பதினோரு மாதம். அழுத்தம் பழையபடி. தப்பு அவருடையது இல்லை. இது ஆயுசுக்கும் சாப்பிட வேண்டிய மாத்திரை என்று நான் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால், அடுத்த மாத்திரைக்கு எங்கே போவது என்று கேட்டிருப்பார். அதற்கு என்னிடம் பதில் இருந்திருக்காது. சிங்கப்பூரில் என் கவுன்டரில் ஒருவருக்கு இப்படிக் கொடுத்து அனுப்பியிருப்பேனா? மாட்டேன். தூரதேசம், இலவசம், நல்ல மனம் என்றதும் என் தொழிலின் முதல் பாடத்தையே விட்டுவிட்டேன்.

பதில் நாலு கிலோமீட்டரில் இருந்தது, அரசு சுகாதார நிலையத்தில். அன்று மதியமே மொழிபெயர்க்கும் தம்பியோடு மோட்டார்சைக்கிளில் போனேன். அங்கிருந்த செவிலியர் என்னை 'பொங்' என்று கூப்பிட்டார். நாம் அக்கா என்பது போலத்தான். அலமாரியைத் திறந்து காட்டினார். அம்லோடிபின் இருந்தது. ஏழைக் குடும்ப அட்டை வைத்திருப்பவர்களுக்குக் காசும் வாங்குவதில்லை. யெய்யிடம் அந்த அட்டை இருந்தது. அப்புறம் செவிலியர் சொன்னதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. "பொங், நீங்கள் வருகிற வாரத்தில் இங்கே யாரும் வருவதில்லை. வெளிநாட்டு மருந்து நல்லது என்று உங்களுக்காகக் காத்திருப்பார்கள்." குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. எனக்குக் குடிக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னார்.

மீதி இரண்டு நாளும் மேசையை அவருடைய நிலையத்துத் திண்ணைக்கு மாற்றினோம். நாங்கள் அழுத்தம் பார்த்தோம். பெயரை அவர் தன் நோட்டில் கெமர் மொழியில் எழுதிக்கொண்டார். மருந்தை அவர் கையால் கொடுத்தார். வரிசை மெதுவாகத்தான் நகர்ந்தது. "ஊருக்குள் இருந்தால் இன்னும் நிறைய பேரைப் பார்க்கலாமே" என்று குழுவில் ஓர் அண்ணன் வருத்தப்பட்டார். அவர் வருத்தம் எனக்குப் புரிந்தது. ஊர் திரும்பியதும் சபையில் எத்தனை பேரைப் பார்த்தீர்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள்.

செவிலியர் டெலிகிராமில் அவ்வப்போது எழுதுகிறார். ஜூலையிலும் ஆகஸ்டிலும் யெய் வந்து மாத்திரை வாங்கிப் போனார். செப்டம்பரில் வரவில்லை, தொன்லே சாப் ஏரி பெருகி, பாதையில் தண்ணீர். தண்ணீர் வடிந்ததும் தானே வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதாகச் செவிலியர் எழுதியிருந்தார். இந்த ஆண்டு பெட்டி வைக்கவில்லை. என்ன வேண்டும் என்று அவரிடமே கேட்டேன். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவிக்கு இரண்டு கைப்பட்டைகள் போதும் என்றார், பெரிய அளவில் ஒன்று, சாதாரணமாக ஒன்று.