பெர்செபொனி கடத்தப்பட்ட ஏரிக்கரையில் ரேஸ் டிராக்!

சிசிலித் தீவின் நடுவில், என்னா ஊருக்குப் பக்கத்தில் பெர்குசா என்று ஓர் ஏரி. கிரேக்கப் புராணத்தில், பூப்பறித்துக்கொண்டிருந்த தேவி பெர்செபொனியைப் பாதாள ராஜா ஹேடிஸ் தேரில் வந்து தூக்கிப்போனது இங்கேதான் என்பார்கள். அன்னங்களின் பாட்டு, என்றும் மாறாத வசந்தம் என்று ரோமானியக் கவி ஓவிட் இந்த ஏரியை வர்ணித்திருக்கிறார். அதை நம்பிப் போனால், ஏரியை வளைத்துக் கிட்டத்தட்ட 5 கிலோமீட்டருக்கு கார் ரேஸ் டிராக்! 1960களில் ஃபார்முலா ஒன் கார்களே ஓடியிருக்கின்றன. ஹேடிஸ் திரும்பி வந்தால் தேருக்கு டயர் மாற்றிக்கொள்ளலாம். யாருக்குத்தான் இப்படி ஒரு யோசனை வந்ததோ!

எரிச்சலுக்கு இன்னொரு காரணம் டாக்ஸி. கட்டானியாவிலிருந்து ரயிலில் வந்தால் ஸ்டேஷன் பள்ளத்தாக்கில் இருக்கிறது, ஊரோ 900 மீட்டருக்கும் மேலே மலையுச்சியில். மேலே ஏற்றிவிட டிரைவர் கேட்டது 30 யூரோ. மீட்டர் பக்கம் கையே போகவில்லை. ரயில் டிக்கெட்டே அவ்வளவு இல்லை ஐயா! நீங்கள் பஸ்ஸில் வாருங்கள், நேராக ஊருக்குள்ளேயே இறங்கலாம்.

கோபத்தைத் தணித்தது பியாசென்தினு என்னேசே. செம்மறியாட்டுப் பாலில் குங்குமப்பூவும் முழு மிளகும் போட்டுச் செய்கிற சீஸ். மஞ்சள் துண்டின் நடுவே மிளகு கடிபடும்போது சுரீரென்று ஏறுகிறது. பட்ஜெட்டை மறந்து இன்னொரு தட்டு வாங்கினேன். ஆமாம், என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? பெர்செபொனியின் அம்மா டிமீட்டர்! மகளைத் தேட எட்னா எரிமலையில்தான் தீப்பந்தம் கொளுத்தினாளாம். வானம் தெளிவாக இருந்தால் என்னாவிலிருந்தே எட்னா தெரியும்.

உண்மையில் போகவேண்டிய இடம், அதே என்னா மாகாணத்தில் இருக்கும் ஐதோனே என்ற ஊர். பழைய மடத்தில் ஒரு சின்ன மியூசியம். உள்ளே இரண்டு மீட்டருக்கும் மேல் உயரமாக ஒரு தேவி. கல்லில் செதுக்கிய சேலைமடிப்பு காற்றில் பறக்கிறது! பக்கத்திலுள்ள பழைய கிரேக்க நகரமான மோர்கன்தினாவில் திருட்டுத்தனமாகத் தோண்டியெடுத்துக் கடத்திய இந்தச் சிலையை 1988இல் அமெரிக்காவின் கெட்டி மியூசியம் 1 கோடியே 80 லட்சம் டாலருக்கு வாங்கியது, 2011இல் திருப்பிக் கொடுத்தது. முதலில் காதல் தேவி அஃப்ரொடைட்டி என்றார்கள். இப்போது டிமீட்டர் அல்லது பெர்செபொனி என்கிறார்கள் பலர். என் ஓட்டு மகளுக்கே, அவளும் பாதாளம் போய்த் திரும்பியவள்தானே. அதே மியூசியத்தில் நீலத் தாடியோடு சுடுமண் ஹேடிஸ் தலையும் இருக்கிறது. அதுவும் கெட்டியிடமிருந்து 2016இல் வந்தது. மோர்கன்தினா அகழாய்வில் கிடைத்த நீலச் சுருள்முடித் துண்டுகள்தான் அதன் பூர்வீகத்தைக் காட்டிக்கொடுத்தன.

சரி, மொத்தத்தில் செலவு எப்படி? டாக்ஸியைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மலிவான பயணம்தான்.