விகாரமகாதேவிப் பூங்காவில் ஆறு இலக்கு டிஸ்க் கோல்ஃப்

கொழும்பில் கோல்ஃப் என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது, பொரளையில் களனிவெளி ரயில் பாதை ஊடறுத்துச் செல்லும் அந்தப் பரந்த புல்வெளிதான். ரயில் ஜன்னலால் அதைப் பார்த்தவர்கள் பலர். மட்டையோடு உள்ளே இறங்கியவர்கள் மிகச் சிலர். டிஸ்க் கோல்ஃப் அதே விளையாட்டின் கணக்கு முறையை வைத்துக்கொண்டு மட்டையையும் பந்தையும் உறுப்பினர் கட்டணத்தையும் விட்டுவிட்டது. டிஸ்க் எனப்படும் பிளாஸ்டிக் பறக்கும் தட்டு ஒன்றை எறிகிறீர்கள். அது விழுந்த இடத்துக்கு நடந்துபோய் அங்கிருந்து மீண்டும் எறிகிறீர்கள். இலக்கை அடைய எத்தனை எறிகள் சென்றன என்பதே உங்கள் புள்ளி. குறைந்த புள்ளி எடுத்தவர் வெல்கிறார்.

ரொறன்ரோவில் இருக்கும் என் தம்பி, அங்குள்ள ஈ.டி. சீட்டன் பூங்காவில் வார இறுதிகளில் இதை விளையாடுகிறவன். கடந்த விடுமுறைக்கு வந்தபோது எங்களுக்கென்று சில தட்டுகளைக் கொண்டுவந்தான். அவன் விளையாடும் இடத்தில் ஒவ்வோர் இலக்கிலும் தொங்கும் சங்கிலிகளும் அவற்றின் கீழே கூடையும் கொண்ட இரும்புக் கம்பம் நிற்கும். வேகமாக வரும் தட்டைச் சங்கிலிகள் தடுத்துக் கூடைக்குள் விழச் செய்யும். எங்களிடம் கம்பமும் இல்லை, கூடையும் இல்லை. ஆனால் இந்த விளையாட்டு தொடங்கியதே கூடை இல்லாமல்தான். மரத்தையும் விளக்குக் கம்பத்தையும் இலக்காக வைத்து ஆங்காங்கே சிலர் விளையாடிவந்ததை, வாம்-ஓ என்ற விளையாட்டுப்பொருள் நிறுவனத்தில் ஃபிரிஸ்பீ தட்டைச் செம்மைப்படுத்திய எட் ஹெட்ரிக் என்பவர் ஒழுங்குபடுத்தினார். அவர் 1975இல் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் நிரந்தரத் தடம் ஒன்றை அமைத்தபோதும் முதலில் இலக்குகளாக நின்றவை கம்பங்களே. சங்கிலிக் கூடை அதற்குப் பிறகுதான் வந்தது. இன்றைய விதிமுறைகளும் கூடையில்லாத இலக்கை ஏற்கின்றன: குறித்த பகுதியில் தட்டு பட்டால் போதும், அந்த இலக்கு முடிந்தது.

ஆகவே விகாரமகாதேவிப் பூங்காவில் ஆறு மரங்களைத் தேர்ந்தெடுத்தோம். தேர்வில் நான் கண்டிப்பாக இருந்தேன். இளமரங்கள் கூடாது, ஏனென்றால் பிளாஸ்டிக் விளிம்பு திரும்பத் திரும்பப் பட்டால் மெல்லிய பட்டை உரிந்துவிடும். நகர மண்டபத்தைப் பார்த்தபடி அமர்ந்திருக்கும் பெரிய புத்தர் சிலையின் திசையில் எந்த எறியும் செல்லக்கூடாது. வாங்குகளுக்கு அருகிலும் கூடாது. அந்தப் பூங்காவின் வாங்குகளில் குடை விரித்து அமர்ந்திருப்பவர்களுக்கு வானத்திலிருந்து தட்டு வருவதைவிடப் பெரிய இடையூறு வேறு இருக்க முடியாது. இவற்றையெல்லாம் கழித்தபின் நூலகப் பக்கத்தில் எங்களுக்குக் கிடைத்தது, 35 மீற்றரிலிருந்து 60 மீற்றர் வரையான ஆறு சிறு பாதைகள். தூரத்தைக் காலடி வைத்தே அளந்தோம்.

பெரிய தடங்களில் 100 மீற்றரைத் தாண்டிய இலக்குகள் சர்வசாதாரணம். அதனால் 60 மீற்றர் என்றதும் சிறுபிள்ளை விளையாட்டு என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. புதிதாகத் தொடங்குபவருக்குக் குறுகிய தடமே சரியான தடம். கை பழகாதவர் தூரத்துக்கு ஆசைப்பட்டால் உடம்பின் முழுப் பலத்தையும் தோளில் ஏற்றுவார். தட்டு சாய்ந்து வெளியேறிப் பற்றைக்குள் விழும். பிறகு நேரம் முழுவதும் தேடுவதிலேயே போகும். குறுகிய தடத்தில் ஓர் எறி நன்றாக அமைந்தால் இலக்கு அருகிலேயே தெரிகிறது, அடுத்த எறி உடனே அர்த்தம் பெறுகிறது. கூட வந்த என் அம்மா எதிர்பாராமல் எழுந்து, மிகக் குறுகிய இலக்குக்குக் கீழ்க்கையாக மெதுவாக எறிந்து, நான்காவது எறியில் மரத்தைத் தொட்டுவிட்டு, ஒன்றும் நடவாதது போலத் திரும்பவும் வாங்கில் அமர்ந்துகொண்டார்.

தட்டுகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கடற்கரையில் விளையாடும் வழக்கமான ஃபிரிஸ்பீ ஏறத்தாழ 27 சென்றிமீற்றர் அகலமானது. இந்த விளையாட்டின் தட்டுகளோ 21 சென்றிமீற்றரளவே அகலமானவை, ஆனால் எடை பெரும்பாலும் அதே 170 கிராமை ஒட்டியே இருக்கும். அதே எடை சிறிய வட்டத்துக்குள் அடங்கியிருப்பதால் காற்றைக் கிழித்துச் செல்லும், படும்போது வலிக்கவும் செய்யும். இவற்றில் மூன்று வகை உண்டு. விளிம்பு அகன்று கூர்மையாக இருக்கும் டிரைவர் தூரத்துக்கானது; மிட்ரேஞ்ச் நடுத்தரம்; மழுங்கிய, தடித்த விளிம்புள்ள பட்டர் அருகிலிருந்து எறிவதற்கானது. கடையில் எல்லோருடைய கண்ணும் டிரைவர் மீதுதான் போகும். அது உரிய வேகத்தில் எறியப்பட்டால் மட்டுமே தட்டில் அச்சிட்டிருக்கும் எண்கள் சொல்கிறபடி பறக்கும்; தொடக்கநிலையாளரின் கையில் அது உடனே பக்கவாட்டில் சரிந்து விழும். ஆறு இலக்குகளையும் ஒரே ஒரு பட்டரால் எறிந்து முடிக்கலாம், நாங்களும் அப்படித்தான் செய்கிறோம். சனம் நடமாடும் பூங்காவில் கூர்விளிம்புத் தட்டை எடுப்பதே பிழை என்பது என் உறுதியான கருத்து.

எங்களோடு விளையாடிய அண்ணாவின் மகன் இடையில் ஒரு கேள்வி கேட்டான்: "மாமி, நான் நேராத்தானே எறியிறன், ஏன் இது கடைசியில இடப்பக்கம் இழுக்குது?" அவன் வலக்கையால், தட்டை மார்புக்குக் குறுக்கே இழுத்து எறிபவன். அப்படி எறியும் தட்டு மேலிருந்து பார்த்தால் மணிக்கூட்டுமுள் திசையில் சுழல்கிறது. வேகம் குறையக் குறையக் காற்று அதன் முன்பகுதியைக் கூடுதலாக மேலே தள்ளுகிறது. சுழலாத பொருளாக இருந்தால் மூக்கு நிமிர்ந்து கவிழ்ந்திருக்கும்; சுழல்வதால் அந்தத் தள்ளலின் விளைவு கால்வட்டம் தள்ளி வெளிப்பட்டு, தட்டு இடப்பக்கமாகச் சாய்கிறது. இடக்கையால் அதே முறையில் எறிபவருக்கு இது அப்படியே தலைகீழ். நிறுவனங்கள் தட்டின் மேல் அச்சிடும் நான்கு எண்களில் கடைசி எண் குறிப்பது இந்த இறுதிச் சாய்வைத்தான். மற்றவை முறையே வேகம், மிதப்பு, தொடக்கத்தில் எதிர்ப்பக்கம் திரும்பும் அளவு ஆகியவற்றைக் குறிக்கின்றன. காரணம் விளங்கியதும் அவன் இலக்குக்குச் சற்று வலப்புறமாகக் குறிவைக்கத் தொடங்கினான். அந்தக் காலை முழுவதும் அவனுக்குக் கிடைத்த மகிழ்ச்சி புள்ளியில் இல்லை, தட்டு அவன் சொன்ன இடத்தில் வளைந்ததில்தான் இருந்தது.

விதிகளில் நாங்கள் கடைப்பிடிப்பவை கொஞ்சமே. இலக்கிலிருந்து மிகத் தூரத்தில் இருப்பவர் முதலில் எறிவார். தட்டு நின்ற இடத்தில் சிறிய அடையாளம் ஒன்றை வைத்து அதன் பின்னால் நின்று எறிய வேண்டும். நாங்கள் வைப்பது சோடாப் போத்தல் மூடி. இலக்கிலிருந்து 10 மீற்றருக்குள் வந்துவிட்டால் எறிந்த வேகத்தில் முன்னே பாயக்கூடாது, சமநிலையில் நின்று காட்டிய பிறகே நகரலாம். நடைபாதையில் விழுந்தால் எல்லைக்கு வெளியே என்று வைத்து ஒரு புள்ளி கூட்டிக்கொள்கிறோம். இந்தக் கடைசி விதி எங்களுடைய ஏற்பாடுதான், ஆனால் அதனால் நல்ல பயன் உண்டு: நடைபாதைப் பக்கம் எறிய எவருக்கும் ஆசை வருவதில்லை. காவலர் ஒருவர் வந்து என்ன செய்கிறோம் என்று சிங்களத்தில் விசாரித்தபோது, தட்டை அவர் கையிலேயே கொடுத்தோம். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஆட்கள் வரும்போது நிறுத்திக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார். அதை நாங்கள் அவர் சொல்லாமலே செய்ய வேண்டியிருந்தது; எறியும் திசையில் ஒருவர் வந்தாலும் காத்திருப்பதுதான் இந்த விளையாட்டின் முதல் மரியாதை.

காலி முகத்திடல் இதைவிட விசாலமானதுதானே என்று தம்பி தொலைபேசியில் கேட்டான். விசாலம் உண்டு, ஆனால் குறிவைக்க மரம் இல்லை, கடற்காற்றும் ஓய்வதில்லை. எதிர்க்காற்றில் தட்டு தன் உண்மையான வேகத்தைவிட வேகமாகப் பறப்பது போல நடந்துகொண்டு வலப்பக்கம் திரும்பும். பின்னிருந்து வரும் காற்றில் மிதப்பை இழந்து சீக்கிரம் விழும். புதியவருக்கு எது தன் கையின் குறை, எது காற்றின் வேலை என்று பிரித்தறிய முடியாது. பட்டம் விடுபவர்களின் நூலும் இடையில் வரும். மரங்கள் காற்றைத் தடுக்கும் பூங்காவே தொடக்கத்துக்கு ஏற்றது.

ஞாயிறு மாலைகளில் குடும்பங்கள் நிறைந்துவிடுவதால் அந்த நேரத்தைத் தவிர்த்து, காலை ஏழு மணிக்கு முன்பே தொடங்குகிறோம். தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் புல் ஈரமாக இருக்கும், விரலில் தட்டு வழுக்கும். ஒரு பழைய துவாய் கட்டாயம் வேண்டும். ஆறு இலக்குகளையும் நான்கு பேர் நிதானமாகச் சுற்றிவர முக்கால் மணித்தியாலம் போதும். இப்போது அண்ணாவின் மகன் சங்கிலிக் கூடை ஒன்றை வெல்டிங் கடையில் செய்விக்க வேண்டும் என்று வரைபடத்தோடு திரிகிறான். கழற்றி எடுத்து முச்சக்கர வண்டியில் ஏற்றக்கூடியதாக இருந்தால் மட்டுமே பணம் தருவேன் என்று சொல்லியிருக்கிறேன்.