ஒரே குளுக்கோஸ், இரண்டு பொருள்கள்

மாவுச்சத்தும் செல்லுலோஸும் குளுக்கோஸால் ஆனவை என்ற வரியைப் பலமுறை படித்திருந்தும், அதன் பொருள் எனக்கு விளங்கியது, இரண்டின் அமைப்பையும் ஒரே தாளில் அருகருகே வரைந்து பார்த்தபோதுதான். குளுக்கோஸ் வளையத்தின் முதல் கார்பனில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதி (ஓர் ஆக்ஸிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த OH) வளையத்திற்குக் கீழே நின்றால் அது ஆல்ஃபா வடிவம். மேலே நின்றால் பீட்டா வடிவம். ஆல்ஃபா அலகுகள் கோத்துக்கொள்ளும்போது சங்கிலி சுருளாக வளைந்து மாவுச்சத்தாகிறது. பீட்டா அலகுகளிலோ, ஒவ்வொன்றும் முந்தையதற்குத் தலைகீழாகத் திரும்பி இணைவதால் சங்கிலி நேராக நீண்டு, பக்கத்துச் சங்கிலிகளுடன் ஹைட்ரஜன் பிணைப்புகளால் இறுகி, தாவரச் செல்சுவரைத் தாங்கும் செல்லுலோஸ் இழையாகிறது. நம் உமிழ்நீரிலும் கணையநீரிலும் உள்ள அமைலேஸ் நொதி ஆல்ஃபா பிணைப்பை மட்டுமே வெட்டும் என்பதால், முன்னது நமக்கு ஆற்றல் தரும் உணவு, பின்னது செரிக்காத நார்ச்சத்து.

அதன்பின், ஒரு மூலக்கூறு எதனால் ஆனது என்பதோடு நில்லாமல், அதன் அலகுகள் எப்படி இணைந்திருக்கின்றன என்றும் கேட்டே படிக்கத் தொடங்கினேன். சர்க்கரைகள் சங்கிலியாவதும், அமினோ அமிலங்கள் புரதமாவதும், நியூக்ளியோடைடுகள் என்னும் அலகுகள் டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. என்னும் நியூக்ளிக் அமிலங்களாவதும், ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு நீர் மூலக்கூறு வெளியேறுவதற்குச் சமமான மாற்றமே; செரிமானம் அந்த நீரைத் திரும்பச் சேர்த்துப் பிணைப்பைப் பிரிக்கிறது.

புரதங்களில்தான் நான் அதிக நாள்கள் செலவிட்டேன். ரைபோநியூக்ளியேஸ் என்னும் நொதியைக் கொண்டு கிறிஸ்டியன் அன்ஃபின்சென் செய்த சோதனை இன்றும் என் நினைவைவிட்டு அகலவில்லை. 124 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தச் சங்கிலியில் கந்தகம் கொண்ட அமினோ அமிலமான சிஸ்டீன்கள் 8, 4 இணைகளாகக் கந்தகப் பிணைப்பில் கட்டுண்டிருக்கும். யூரியாவும் பிணைப்பை அறுக்கும் மற்றொரு வேதிப்பொருளும் சேர்த்தால் மடிப்புகள் குலைந்து நொதி செயலிழக்கிறது. அவற்றை அகற்றி ஆக்ஸிஜன் படவிட்டால், 8 சிஸ்டீன்கள் இணைசேர 105 வழிகள் இருந்தும், சங்கிலி தன் பழைய வடிவத்திற்கே மடிந்து செயலையும் மீட்டுக்கொள்கிறது. மடிய வேண்டிய முறை அமினோ அமில வரிசையிலேயே அடங்கியிருக்கிறது என்பதை இது காட்டியது. இந்த ஆய்வுகளுக்காக 1972ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது.

கொழுப்புகளைச் சர்க்கரைச் சங்கிலிகள், புரதங்கள், நியூக்ளிக் அமிலங்கள் ஆகிய மூன்றோடு ஒரே அட்டவணையில் வைப்பது கற்பவரைக் குழப்பும் என்றே கருதுகிறேன். அவை அலகுகள் தொடரும் நீண்ட சங்கிலிகள் அல்ல. நீரில் கரையாமையே அவற்றை ஒரு வகையாகச் சேர்க்கிறது. ஆயினும் வடிவம் பற்றிய கேள்வி இங்கும் பொருந்துகிறது. கொழுப்பு அமிலத்தின் வாலில் சிஸ் வகை (சங்கிலியின் இரு பகுதிகளும் ஒரே பக்கம் நிற்கும்) இரட்டைப் பிணைப்பு ஒன்று இருந்தால் வால் வளைந்து, மூலக்கூறுகள் நெருங்கி அடுக்காக அமைய முடியாமல் போகின்றன. ஆகவேதான் எண்ணெய் அறை வெப்பநிலையில் திரவமாக இருக்கிறது.

இப்போது நியூக்ளிக் அமிலங்களை வரைந்துகொண்டிருக்கிறேன். ஆர்.என்.ஏ.வின் சர்க்கரையில் இரண்டாம் கார்பனில் ஓர் ஆக்ஸிஜன் அணு கூடுதலாக இருக்கிறது. அந்த ஹைட்ராக்சில் தொகுதி அருகிலுள்ள பாஸ்பேட் பிணைப்பைத் தாக்கி அறுக்கக்கூடியது என்பதால் ஆர்.என்.ஏ. எளிதில் சிதைகிறது, அது இல்லாத டி.என்.ஏ., உறைந்த மண்ணில் பல்லாயிரம் ஆண்டுகள் புதைந்துகிடந்த எலும்புகளிலிருந்தும் படித்தறியும் நிலையில் கிடைக்கிறது.