மூன்றாவது கட்டத்தில் டிக் இருக்கிறதா? ஜெர்மனியில் விசா முடிந்து அட்டை வராத இடைவெளி

ஏபிஎஸ் என்ற கல்விச் சான்று சரிபார்ப்பு, செலவுக்கான பணத்தை முடக்கி வைக்கும் பிளாக்டு அக்கவுன்ட், விசா எல்லாம் சொன்ன நேரத்தில் வந்துவிட்டன. அடி விழுந்தது இங்கே வந்த பிறகு, டிசம்பர் லீவில். பாஸ்போர்ட்டில் ஒட்டிய டி விசா (நீண்ட நாள் தங்க வருவதற்கான விசா) முடிந்துவிட்டது, ரெசிடென்ஸ் பெர்மிட் அட்டை வரவில்லை. செக் நாட்டுத் தலைநகர் பிராகாவுக்குப் போட்ட பஸ் டிக்கெட்டும் ஹாஸ்டல் காசும் போயின. மாஸ்டர்ஸ் படிக்க வருகிறவர்கள் பலரும் இதே இடைவெளியில்தான் மாட்டுகிறார்கள்.

முதலில் விசா ஸ்டிக்கரில் உள்ள முடிவுத் தேதியைப் பாருங்கள். படிப்பு இரண்டு வருடம் என்பதால் விசாவும் இரண்டு வருடம் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். மூன்று மாத விசா என்றால், செப்டம்பர் கடைசியில் வந்து இறங்கியவருக்குக் கிறிஸ்துமஸ் நேரத்தில் முடிந்துவிடும். அந்தத் தேதிக்கு முன்னால் ஏபிஎச் என்று எல்லோரும் சொல்லும் வெளிநாட்டினர் அலுவலகத்துக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். டெர்மின், அதாவது நேரில் வரச் சொல்லும் நாள், கிடைப்பது பிப்ரவரியில் ஆனாலும் பரவாயில்லை, விண்ணப்பம் தேதிக்குள் போயிருந்தால் போதும். ஆன்லைனில் போட்டால் கடைசியில் வரும் உறுதிப் பக்கத்தை அப்போதே பிடிஎஃப்பாக எடுத்து வையுங்கள். "டெர்மின் வரட்டும், அப்போது கொடுக்கலாம்" என்று காத்திருந்து தேதியைத் தாண்டவிட்டால் பிறகு ஒவ்வொரு படியிலும் விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

விண்ணப்பத்துக்கு ஆன்மெல்டுங் வேண்டும், அதாவது முகவரிப் பதிவு. குடிவந்த இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டும் என்பது சட்டம். இதற்கு வாடகை ஒப்பந்தம் செல்லாது. வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட தனிப் படிவம்தான் வேண்டும். பெயர் 'வோனுங்ஸ்கேபர்பெஸ்டேட்டிகுங்'. அரைப்பக்கத் தாள்தான். அதில் குடிவந்த தேதி என்ற கட்டம் காலியாக இருந்ததால் கவுன்டரில் அப்படியே திருப்பித் தந்தார்கள். அங்கேயே நான் எழுதித் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளவில்லை, வீடு கொடுத்தவர்தான் நிரப்ப வேண்டுமாம். அடுத்த டெர்மின் பதினோரு நாள் கழித்து. சப்லெட்டில் அறை பார்க்கிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே "இந்தப் படிவம் தருவீர்களா" என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள். மழுப்புகிறவரின் அறையை விட்டுவிடுவதே மேல். கூடவே, தபால்பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். பெயர் இல்லாத பெட்டியில் தபால்காரர் போடமாட்டார், ஏபிஎச் கடிதம் திரும்பிப் போய்விடும்.

நம்மூர்க்காரர்களுக்கு மட்டும் வரும் வம்பு ஒன்று உண்டு. நம்மில் பலருடைய பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. யூனிவர்சிட்டி அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டிருக்கும், இன்ஷூரன்ஸ்காரர்கள் நம் பெயரையே இரண்டு தடவை போட்டிருப்பார்கள், பேங்கில் இனிஷியலோடு இருக்கும். கவுன்டரில் இருப்பவருக்கு இது மூன்று பேர். முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் பாஸ்போர்ட் பக்கத்தின் ஸ்கேனை அனுப்பி, அதில் இருக்கிறபடியே ஒரே மாதிரி எழுதச் சொல்லி மறு கடிதம் வாங்கிவிடுங்கள். டெர்மினுக்கு முந்தின நாள் கேட்டால் கிடைக்காது.

இனி முக்கியமான தாள். விசா முடிந்து அட்டை வருவதற்குள் 'ஃபிக்ஸியோன்ஸ்பெஷைனிகுங்' என்ற மடிப்புத் தாள் தருவார்கள், கட்டணம் 13 யூரோ. விண்ணப்பம் கிடைத்தது என்று தானாக வரும் மெயில் இதற்குச் சமமாகாது. தாளின் மூன்றாம் பக்கத்தில் மூன்று கட்டங்கள் இருக்கும், ஒன்றில் டிக் போட்டிருப்பார்கள். டி விசா உயிரோடு இருக்கும்போதே விண்ணப்பித்தவருக்கு வர வேண்டியது மூன்றாவது கட்டம், குடியிருப்புச் சட்டத்தின் 81ஆம் பிரிவு, உட்பிரிவு 4. பழைய விசா தொடர்ந்து செல்லும் என்று பொருள். முடிந்த விசா ஒட்டிய பாஸ்போர்ட்டோடு சேர்த்துக் காட்டினால் ஜெர்மனிக்குள் திரும்ப வரலாம். முதல் இரண்டு கட்டங்களில் டிக் இருந்தால் இங்கே இருக்கலாம், வெளியே போனால் அதை வைத்துத் திரும்ப நுழைய முடியாது.

எனக்கு விழுந்திருந்தது முதல் கட்டத்தில். விசா இல்லாமல் வரும் உரிமை உள்ள நாட்டுக்காரர்களுக்கான கட்டம் அது. வீட்டுக்கு வந்து அகராதியை வைத்துப் படித்தபோதுதான் தெரிந்தது. மெயில் போட்டால் "அட்டை வரும்வரை காத்திருக்கவும்" என்று ஒரு வரி பதில். விசாவின் நகல், விண்ணப்பம் போன தேதியைக் காட்டும் பிடிஎஃப், சட்டப் பிரிவின் எண், மூன்றையும் வைத்து மறுபடி எழுதிய பிறகு நான்காம் நாள் மாற்றித் தந்தார்கள். பிராகா பஸ் அதற்கு முந்தின நாளே கிளம்பிவிட்டது. ஆகவே கவுன்டரை விட்டு நகரும் முன் மூன்றாம் பக்கத்தைத் திறந்து பாருங்கள், பின்னால் நிற்பவர் முறைத்தாலும் பரவாயில்லை.

சரியான கட்டத்தில் டிக் இருந்தாலும் ஊருக்குப் போய்த் திரும்பும்போது சென்னை–ஃபிராங்க்ஃபர்ட் நேர் விமானம்தான் நல்லது. இடையில் மாறும் இடத்தில் கவுன்டரில் நிற்பவர் இந்தத் தாளைப் பார்த்தே இருக்கமாட்டார், அங்கே நின்று ஜெர்மன் சட்டம் விளக்க முடியாது. அட்டை வரும்வரை ஜெர்மனிக்குள்ளேயே சுற்றுங்கள் என்பதுதான் என் கட்சி. 2026 ஜனவரி முதல் 63 யூரோவுக்கு விற்கும் டாய்ச்லாண்ட் டிக்கெட்டில் ஊர் ஊராகப் போகலாம். ஆனால் ஒன்று: அந்த டிக்கெட் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் வரை செல்லும். டிக்கெட் எல்லை தாண்டுகிறது என்பதற்காக உங்கள் தாளும் தாண்டும் என்று ஏறி உட்காராதீர்கள். 2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் எல்லாத் தரை எல்லைகளிலும் சோதனை வைத்திருக்கிறது. திரும்பும் ரயிலில் போலீஸ் ஏறினால் ஒரிஜினல் பாஸ்போர்ட்தான் கேட்பார்கள், போனில் உள்ள படம் எடுபடாது.

அட்டை கைக்கு வந்தபின், ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஷெங்கன் வட்டத்தின் மற்ற நாடுகளில் 180 நாளில் 90 நாள் இருக்கலாம். டி விசா செல்லும்போதும் இதே கணக்குதான். போகும் நாள், வரும் நாள் இரண்டும் சேரும், ஜெர்மனியில் இருக்கும் நாள் சேராது. அயர்லாந்தும் சைப்ரஸும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் ஷெங்கனில் இல்லை. மலிவு டிக்கெட்டைப் பார்த்து டப்ளினுக்குப் போட்டுவிட்டு விசா தேடாதீர்கள். மலிவு விமானங்கள் சிலவற்றில் நம் பாஸ்போர்ட்காரர்கள் ஆன்லைனில் செக்-இன் செய்தாலும் கவுன்டரில் ஆவணத்தைக் காட்டி முத்திரை வாங்க வேண்டும். பை இல்லை என்று நேராக கேட்டுக்குப் போனால் திருப்பி அனுப்புவார்கள்.

பல நாடுகளுக்கும் செல்லும் ரயில் பாஸ் வாங்கினால் வெளியாட்களுக்கான யூரெயில் அல்ல, ஐரோப்பாவில் குடியிருப்பவர்களுக்கான இன்டர்ரெயில். குடியிருப்பு எங்கே என்பதுதான் கணக்கு, எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்பதல்ல. ஜெர்மனிக்குள் அந்தப் பாஸில் நாட்டை விட்டுக் கிளம்ப ஒரு பயணம், திரும்பி வர ஒரு பயணம், அவ்வளவுதான். பிரான்ஸின் அதிவேக ரயிலான டிஜிவிக்கு சீட் முன்பதிவுக்குத் தனிக் காசு.

இன்ஷூரன்ஸிலும் ஒரு பொறி. அரசு இன்ஷூரன்ஸ் அட்டையின் பின்பக்கம் ஐரோப்பிய மருத்துவ அட்டை. ஆனால் ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள் அல்லாத நமக்கு டென்மார்க், நார்வே, ஐஸ்லாந்து, லிச்டென்ஸ்டைன், சுவிட்சர்லாந்து ஐந்திலும் அது செல்லாது. பனிச்சறுக்கு பழக சுவிஸ் போகிறவர்கள் தனியாகப் பயணக் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள்.

ரெசிடென்ஸ் பெர்மிட் அட்டையில் 'சீஹே சூசாட்ஸ்ப்ளாட்' (கூடுதல் தாளைப் பார்க்கவும்) என்று அச்சிட்டிருந்தால், கூடத் தரும் மடிப்புத் தாளும் அதோடு சேர்ந்ததுதான். நான் இப்போது பாஸ்போர்ட் உறைக்குள்ளேயே அட்டையோடு சேர்த்து வைத்திருக்கிறேன். மாற்றித் தந்த பழைய தாளையும் இன்னும் கிழிக்கவில்லை.